பேச்சு வரவில்லை என்று வரும் தாயைக் காத்திருக்கச் சொல்லாதீர்கள்: டர்பன் தமிழ்க் கோயில்களுக்கு ஒரு திறந்த மடல்

டர்பன், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரெபாங்க், டோங்காட் பகுதிகளில் உள்ள தமிழ்க் கோயில் நிர்வாகத்தாருக்கும், குருக்கள்மாருக்கும், தமிழ் வகுப்பு ஆசிரியர்களுக்கும், மாதர் குழுத் தாய்மார்களுக்கும்,

வணக்கம்.

நான் திருச்சியில் பிறந்து, சென்னையில் படித்து, கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்த ஸ்பீச் தெரபிஸ்ட், அதாவது பேச்சுப் பயிற்சி தருபவள். பள்ளிக்கூடம் போகும் வயது வராத பிள்ளைகளோடுதான் என் வேலை. மற்றவரோடு பழகுவதிலும் தொடர்புகொள்வதிலும் பிள்ளையின் வளர்ச்சி வேறுபடும் நிலையை ஆட்டிசம் என்கிறோம். அது இருக்கிறதா என்று சிறு பிள்ளைகளைச் சோதிப்பதைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும். அதை மருத்துவர்களுக்கு எழுதாமல் கோயிலுக்கு ஏன் எழுதுகிறாள் என்று நீங்கள் கேட்கலாம்.

காரணம் இதுதான். பிள்ளையைப் பற்றிய கவலையைப் பெற்றவள் முதன்முதலில் வாய்விட்டுச் சொல்லும் இடம் மருத்துவமனை இல்லை. அர்ச்சனைத் தட்டைக் கொடுத்துப் பெயரும் நட்சத்திரமும் சொல்லும்போது, "சாமி, ரெண்டு வயசாச்சு, இன்னும் அம்மான்னு கூப்பிடல" என்று குருக்களிடம் மெதுவாகச் சொல்கிறாள். மடைப்பள்ளியில் காய் நறுக்கும்போது பக்கத்திலிருக்கும் பெரியம்மாவிடம் சொல்கிறாள். தமிழ் வகுப்பு வாசலில் ஆசிரியையிடம் சொல்கிறாள். அந்த நேரத்தில் நீங்கள் சொல்லும் பதிலைப் பொறுத்து அந்தப் பிள்ளையின் அடுத்த ஓராண்டு, சில நேரம் ஈராண்டு, போகிற வழியே மாறிவிடுகிறது.

பெரும்பாலும் என்ன பதில் வருகிறது? "ஆம்பளப் பிள்ளை, மெதுவாத்தான் பேசும்." "அவங்க அப்பா நாலு வயசுலதான் பேசினான்." "தைப்பூசத்துக்குக் காவடி நேர்ந்துக்கோ, சரியாயிடும்." அன்பினால் சொல்லும் வார்த்தைகள் என்பது எனக்குத் தெரியும். அழும் நிலையில் நிற்கும் பெண்ணுக்கு ஆறுதல் சொல்லத்தான் யாருக்கும் மனம் வரும். ஆனால் என் அறைக்கு மூன்றரை வயதில், நாலு வயதில் வந்து சேரும் பிள்ளைகளின் பெற்றோரிடம், "எப்போது முதலில் சந்தேகப்பட்டீர்கள்" என்று கேட்டால் பலரும் ஒன்றரை வயது, ஒன்றே முக்கால் வயது என்கிறார்கள். நடுவில் போன காலத்தில் என்ன நடந்தது என்றால், பெரியவர்கள் பொறுக்கச் சொன்னார்கள், பொறுத்தோம் என்பதே பதில்.

குமரகுருபரர் கதையைச் சொல்லித் தேற்றுகிறவர்களும் உண்டு. ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்து ஐந்து வயது வரை பேசாதிருந்த பிள்ளையைப் பெற்றோர் திருச்செந்தூருக்குக் கொண்டுபோய் விரதம் இருந்தார்கள், முருகன் அருளால் வாய் திறந்து பாடினார் என்று நானும் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள்தான். அந்தக் கதையில் பெற்றோர் வீட்டில் உட்கார்ந்து காத்திருக்கவில்லை என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். அவர்கள் காலத்தில் போகத் தெரிந்த இடத்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நேர்த்திக்கடன் வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஞாயிறு நேர்ந்துகொள்ளட்டும், திங்கள் காலை கிளினிக்குக்குப் போகட்டும். இந்த இரண்டாவது வார்த்தையையும் நீங்கள் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதுதான் இந்தக் கடிதத்தில் நான் கேட்பது.

காத்திருந்தால் என்ன கெட்டுவிடும்? ஆட்டிசம் உள்ள பிள்ளை காத்திருந்தாலும் வளரும், கற்றுக்கொள்ளும். ஆனால் பார்ப்பது, சுட்டுவது, மாறி மாறி விளையாடுவது, கேட்டு வாங்குவது என்று பேச்சுக்கு அடித்தளமாக இருக்கும் பழக்கங்களை இரண்டு வயதில் சொல்லித்தருவதும் ஐந்து வயதில் சொல்லித்தருவதும் ஒன்றல்ல. சொல்லத் தெரியாத பிள்ளை தன் தேவையை வேறு வழியில் தெரிவிக்கப் பழகிவிடும். அலறும், தலையை இடித்துக்கொள்ளும், கடிக்கும். பிறகு அந்தப் பழக்கத்தோடும் மல்லுக்கட்ட வேண்டும். 2024இல் கையெழுத்தான கல்விச் சட்டத் திருத்தம், ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய கிரேட் ஆர் வகுப்பைக் கட்டாயமாக்கியிருக்கிறது. எந்தச் சோதனையும் செய்யாமல் அந்த வகுப்பில் போய் உட்காரும் பிள்ளைக்கு "அடங்காத பிள்ளை" என்ற பெயர் முதல் வாரத்திலேயே வந்துவிடுகிறது.

அனுபவமுள்ளவர்கள் பார்த்தால் இரண்டு வயதில் ஆட்டிசத்தை நம்பகமாகக் கண்டறிய முடியும். சில பிள்ளைகளிடம் பதினெட்டு மாதத்திலேயே தெரிந்துவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2021இல் உலகம் முழுவதும் சுமார் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்தது. உங்கள் கோயில் திருவிழாவுக்கு வரும் கூட்டத்தை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். அங்கே இப்படிப்பட்ட பிள்ளை ஒன்றும் இல்லை என்றால், வராமல் வீட்டிலேயே இருக்கிறது என்று அர்த்தம்.

இனி, எதைக் கவனிப்பது என்று சொல்கிறேன். எல்லாரும் பேச்சையே பார்க்கிறார்கள். பேச்சு தாமதமான எல்லாப் பிள்ளைக்கும் ஆட்டிசம் கிடையாது. நன்றாகப் பேசுகிற பிள்ளைக்கும் ஆட்டிசம் இருக்கலாம். நாங்கள் பேச்சுக்கு முன்னால் வருவதைத் தேடுகிறோம். ஒன்பது மாதப் பிள்ளை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா? ஒரு வயதில் டாட்டா காட்டுகிறதா, தூக்கச் சொல்லிக் கையை நீட்டுகிறதா? ஒன்றரை வயதில், வானத்தில் விமானம் போனால் விரல் நீட்டிக் காட்டிவிட்டுத் திரும்பி அம்மா முகத்தைப் பார்க்கிறதா? பிஸ்கட் வேண்டும் என்று சுட்டுவது ஒரு விஷயம். நான் பார்த்ததை நீயும் பார் என்று சுட்டுவது முற்றிலும் வேறு விஷயம். இரண்டாவது இல்லை என்றால் எங்களுக்குக் கவலை வந்துவிடும். பெரியவரின் கையை, முகத்தைப் பார்க்காமல், பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஃபிரிட்ஜ் கதவின்மேல் வைக்கிற பிள்ளையையும் கவனிக்க வேண்டும். பொம்மை காரை ஓட்டாமல் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தை மட்டும் மணிக்கணக்கில் சுற்றுவது, மிக்சி சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு அலறுவது, கோயிலுக்கு வேறு வழியாகக் கார் போனால் தாங்க முடியாமல் அழுவது, இவையும் உண்டு. தனியாக ஒன்றை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. பல சேர்ந்து வந்தால் பார்க்க வேண்டும். பேசிக்கொண்டிருந்த சொற்களை ஒரு பிள்ளை இழந்துவிட்டால் மட்டும் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. எந்த வயதானாலும் சரி.

ஒரு வகைப் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இவர்களைப் பார்த்து வீட்டில் எல்லாரும் பெருமைப்படுகிறார்கள். இரண்டரை வயதில் நூறு வரை எண்ணுவான். ஏ முதல் இசட் வரை பார்த்துச் சொல்வான். யூடியூபில் கேட்டதை அப்படியே அமெரிக்க உச்சரிப்பில் ஒப்பிப்பான். வீட்டில் யாருக்கும் அந்த உச்சரிப்பு கிடையாது! ஆனால் தாகம் எடுத்தால் தண்ணீர் கேட்க மாட்டான். "உன் பேர் என்ன" என்றால் "உன் பேர் என்ன" என்பான். தமிழ் வகுப்பிலும் இதே பிள்ளை தேவாரத்தை ஒரு வரி விடாமல் பாடிப் பரிசு வாங்கும். இந்தத் திறமை நிஜமானது, அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பாடத் தெரிந்த பிள்ளைக்கு, வயிறு வலிக்கிறது என்று சொல்லத் தெரிகிறதா என்பதையும் ஆசிரியர்கள் பார்க்க வேண்டும்.

பெண் பிள்ளைகள் இன்னும் எளிதாக நம் கண்ணில் படாமல் போய்விடுகிறார்கள். அமைதியாக ஓரத்தில் உட்கார்ந்திருந்தால் நல்ல பெண், கூச்ச சுபாவம் என்று விட்டுவிடுகிறோம்.

சரி, கிளினிக்குக்குப் போனால் என்ன நடக்கும்? இங்கேதான் பயம் அதிகம். தலையை ஸ்கேன் பண்ணுவார்கள், ரத்தம் எடுப்பார்கள், பைத்தியம் என்று முத்திரை குத்துவார்கள் என்றெல்லாம் நினைத்துப் பல குடும்பங்கள் வாசலோடு நின்றுவிடுகின்றன. நீங்கள் நடப்பதைத் தெரிந்து வைத்திருந்து சொன்னால் பாதிப் பயம் போய்விடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் அரசு தரும் ரோட் டு ஹெல்த் புத்தகம், நாம் கிளினிக் கார்டு என்று சொல்வது, எல்லா வீட்டிலும் இருக்கிறது. ஊசி போட்ட தேதியும் எடையும் மட்டும்தான் அதில் இருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். வளர்ச்சியைச் சரிபார்க்கும் பக்கமும் அதில் உண்டு: 14 வாரம், 6 மாதம், 9 மாதம், 18 மாதம், 3 வயது, அப்புறம் 5–6 வயது. பதினெட்டு மாத ஊசியும் பதினெட்டு மாத வளர்ச்சிச் சோதனையும் ஒரே நாளில் முடியும். கிளினிக்கில் கூட்டம் அதிகமாக இருந்தால் ஊசி போட்டு அனுப்பிவிடுவதும் நடக்கிறது. "சிஸ்டர், இந்தப் பக்கத்தையும் நிரப்பித் தாருங்கள்" என்று கேட்கத் தாய்க்குத் தைரியம் வேண்டும். அந்தத் தைரியத்தை நீங்கள் கொடுக்கலாம். ஊசியால் ஆட்டிசம் வரும் என்ற பேச்சு இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அந்தப் பேச்சைக் கிளப்பிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை வெளியிட்ட மருத்துவ இதழே 2010இல் திரும்பப் பெற்றுவிட்டது. ஊசிக்குப் பயந்து பதினெட்டாவது மாதம் போகாமல் விட்டால் அந்தச் சோதனையும் சேர்ந்து போய்விடுகிறது.

அடுத்து, பெற்றோரிடம் கேட்கும் கேள்வித்தாள். எம்-சாட் என்பார்கள். 16 முதல் 30 மாதப் பிள்ளைகளுக்கானது, ஆம் இல்லை என்று பதில் சொல்லும் 20 கேள்விகள். கவலை தரும் ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு புள்ளி. இரண்டு புள்ளிக்குள் வந்தால் இப்போதைக்குக் கவலை குறைவு. மூன்று முதல் ஏழு என்றால் அந்தக் கேள்விகளை விவரமாகத் திரும்பக் கேட்பார்கள். எட்டும் அதற்கு மேலும் என்றால் நேராக மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும். இது ஒரு சல்லடை, அவ்வளவுதான். இதில் சிக்கிய எல்லாருக்கும் ஆட்டிசம் இருக்காது, தப்பிய எல்லாருக்கும் இல்லை என்றும் ஆகாது. இணையத்தில் தாங்களே நிரப்பிப் பார்த்துவிட்டு இரவெல்லாம் அழுகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

காதுப் பரிசோதனை கட்டாயம். "கதவு தட்டினா திரும்பறான், பாட்டுப் போட்டா ஓடி வரான், காது நல்லாத்தான் இருக்கு" என்று வீட்டில் சொல்வார்கள். தாழ்ந்த சுருதியில் உள்ள ஓசைகள் கேட்டு, பேச்சில் உயர்ந்த சுருதியில் வரும் மெல்லிய ஓசைகள் மட்டும் கேட்காத பிள்ளைகள் இருக்கிறார்கள். காதுக்குள் நீர் கட்டியிருக்கலாம். பிள்ளை தூங்கும்போதே வலியில்லாமல் செய்யும் சோதனைகள் உண்டு. காது கேட்பதை உறுதி செய்யாமல் ஆட்டிசம் என்று முடிவுக்கு வருவது சரியான முறையாகாது.

இதற்கெல்லாம் எங்கே போவது? கிளினிக்கில் கேட்டு ரெஃபரல் கடிதம் வாங்கினால், சாட்ஸ்வொர்த்காரர்கள் ஆர்.கே. கான் மருத்துவமனைக்கும், ஃபீனிக்ஸ்காரர்கள் மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனைக்கும் போகலாம். தேவைப்பட்டால் அங்கிருந்து பெரிய மருத்துவமனையின் குழந்தை வளர்ச்சி நிபுணரிடம் அனுப்புவார்கள். 1994இலிருந்து ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அரசு மருத்துவத்தில் கட்டணம் இல்லை. மெடிக்கல் எய்ட், அதாவது தனியார் மருத்துவக் காப்பீடு, இருப்பவர்களுக்கு விதி வேறு. நிபுணரைப் பார்க்க மாதக்கணக்கில் ஆகலாம். ஆகட்டும். பெயரைப் பதிந்துவிட்டு, அந்த மாதங்களிலேயே பேச்சுப் பயிற்சியைத் தொடங்கிவிட வேண்டும். பயிற்சி தொடங்க, ஆட்டிசம் என்று யாரும் எழுதிக் கொடுத்திருக்க வேண்டிய அவசியமில்லை.

மதிப்பீட்டு நாளன்று பார்ப்பவர்களுக்கு அது விளையாட்டாகத்தான் தெரியும். தரையில் உட்கார்ந்து சோப்புக் குமிழி ஊதுவோம். பிள்ளை குமிழியை மட்டும் பார்க்கிறதா, நம்மையும் பார்த்துச் சிரிக்கிறதா, நிறுத்தினால் இன்னும் வேண்டும் என்று எப்படிக் கேட்கிறது என்று கவனிப்போம். பலூனை ஊதிப் பறக்க விடுவோம். பொம்மைக்குப் பிறந்தநாள் கொண்டாடுவோம். பிடித்த தின்பண்டத்தை மூடியுள்ள டப்பாவில் காட்டுவோம். இப்படி வரிசைப்படுத்திய முறைக்கு ஏடாஸ்-2 என்று பெயர். நாற்பது நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். 12 மாதப் பிள்ளைக்கும் ஏற்ற பகுதி அதில் இருக்கிறது. இதோடு பெற்றோரிடம் நீண்ட பேட்டி: கர்ப்பகாலம் முதல் நேற்று இரவு தூங்கியது வரை. குழந்தை மருத்துவரோ, குழந்தை மனநல மருத்துவரோ, அனுபவமுள்ள மனநல வல்லுநரோ முடிவைச் சொல்வார்கள். என்னைப் போன்ற ஸ்பீச் தெரபிஸ்டும், அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டும் கண்டதைச் சேர்த்துக் கொடுப்போம்.

முடிவு ஒரு புள்ளிக் கணக்கில் மட்டும் நிற்பதில்லை. மனநல மருத்துவர்கள் பின்பற்றும் டிஎஸ்எம்-5 என்ற நூலில் இரண்டு தொகுதி வரையறை இருக்கிறது. முதல் தொகுதி மற்றவரோடு பழகுவது பற்றியது. கொடுக்கல் வாங்கலாகப் பழகுவது, முகபாவம் சைகை போன்றவை, உறவுகளை ஏற்படுத்திக்கொள்வது என்ற மூன்றிலும் சிரமம் இருக்க வேண்டும். இரண்டாவதில் நான்கு உண்டு: திரும்பத் திரும்பச் செய்யும் அசைவும் பேச்சும், மாற்றம் பொறுக்காமை, ஒன்றிலேயே மூழ்கும் ஈடுபாடு, சத்தம் வெளிச்சம் தொடுதல் போன்றவற்றைக் கூடுதலாகவோ குறைவாகவோ உணர்வது. நான்கில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். அவை சிறு வயதிலிருந்தே இருந்து, அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கவும் வேண்டும். வேறு காரணத்தால் இப்படி இருக்கிறதா என்றும் பார்ப்போம். ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ ஆட்டிசத்தைக் காட்டாது. வலிப்பு சந்தேகம் இருந்தாலோ மரபணுக் காரணம் தேட வேண்டியிருந்தாலோ அவற்றைக் கேட்பார்கள், அவ்வளவே.

இப்போது நம் வீடுகளுக்கே உரிய ஒன்றுக்கு வருகிறேன். எனக்கு இதில்தான் அக்கறை அதிகம்.

நம் வீட்டில் ஆயா, அதாவது பாட்டி, நாலு வயதுப் பிள்ளைக்கும் சோறு பிசைந்து ஊட்டுவார். "ஸ்பூனால் தானே சாப்பிடுகிறதா" என்ற கேள்விக்கு இல்லை என்று தாய் பதில் சொன்னால் அது தாள் மேல் குறையாக விழும். கேட்பதற்கு முன்னால் எல்லாம் கையில் வந்துவிடுகிற வீட்டில் பிள்ளைக்குச் சுட்டிக் கேட்கும் தேவையே குறைவு. மெழுகுவர்த்தி ஊதிப் பிறந்தநாள் கொண்டாடிப் பார்க்காத பிள்ளை பொம்மையின் பிறந்தநாளைப் புரியாமல் விழிக்கலாம். அதே பிள்ளை வீட்டில் பொம்மைக்குக் கற்பூரம் காட்டி விளையாடலாம். அந்த விளையாட்டைப் பரிசோதிப்பவரிடம் யாராவது சொன்னால்தானே தெரியும்? அதற்காகத்தான் பெரியவர் ஒருவர் கூடப் போக வேண்டும் என்கிறேன். நாளெல்லாம் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது ஆயா என்றால் ஆயாதான் சரியான சாட்சி. இரண்டு மூன்று நிமிட வீடியோக்கள் எடுத்துப் போகச் சொல்லுங்கள்: சாப்பிடும்போது, தனியாக விளையாடும்போது, பெயர் சொல்லிக் கூப்பிடும்போது, அண்ணன் அக்காவோடு இருக்கும்போது. புது அறையில் ஒரு மணி நேரத்தில் பிள்ளை காட்டாததை அந்த வீடியோ காட்டிவிடும்.

மொழியும் அப்படித்தான். ஆயாவிடமிருந்து கொஞ்சம் தமிழ், அப்பா அம்மாவிடமிருந்து ஆங்கிலம், பார்த்துக்கொள்ளும் அக்காவிடமிருந்து ஜூலு என்று மூன்று பக்கமும் கேட்டு வளரும் பிள்ளைகள் இந்த ஊரில் ஏராளம். ஆங்கிலச் சொற்களை மட்டும் எண்ணினால் பிள்ளைக்கு எட்டுச் சொல்தான் தெரியும். "வா", "போ", "தண்ணி", "ஆயா" என்பதையும் ஜூலுவில் சொல்வதையும் சேர்த்து எண்ணினால் கணக்கே வேறாகிவிடும். மூன்றையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு, மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆகவே எங்கள் வீட்டில் தமிழும் பேசுகிறோம் என்று சொல்ல எந்தத் தாயும் கூச வேண்டியதில்லை.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, சோதனை முடிந்து வெளியே வரும்போது, "இனி ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், குழப்பாதீர்கள்" என்று சிலர் சொல்லி அனுப்புவது. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் வருவதில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பேச்சு அதனால் பின்தங்கியதாகவும் ஆய்வுகளில் தெரியவில்லை. அந்த அறிவுரையைக் கேட்டு வந்த வீடுகளில் என்ன நடக்கிறது தெரியுமா? ஆங்கிலம் சரளமாக வராத ஆயா பிள்ளையோடு பேசுவதையே நிறுத்திவிடுகிறார். தாலாட்டு நின்றுவிடுகிறது. நாள் முழுவதும் கூடவே இருந்த ஒரு குரல் திடீரென்று இல்லாமல் போகிறது. பேச்சு குறைவாக உள்ள பிள்ளைக்கு இதைவிடப் பெரிய கேடு செய்ய முடியாது. எந்த மொழி இயல்பாக வருகிறதோ அதில் பேசுங்கள், பாடுங்கள், கொஞ்சுங்கள் என்று தைரியமாகச் சொல்லுங்கள். கோயில்களை விட இதைச் சொல்லத் தகுதியானவர்கள் யார்? 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்தவர்களின் மொழியை இத்தனை தலைமுறை காத்தவர்கள் நீங்கள்தான்.

ஆட்டிசம் என்று உறுதியானால் அறிக்கையின் நகலைக் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டும். எவ்வளவு உதவி தேவை என்பதற்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று நிலை குறித்திருப்பார்கள். அது அன்றைக்குத் தேவைப்படும் உதவியின் அளவு. பிள்ளை வளர வளர மாறலாம். பள்ளியில் உதவி கேட்க அந்த அறிக்கை வேண்டும். கடுமையான குறைபாடு உள்ள பிள்ளைக்கு அரசின் சமூக உதவித்தொகை அலுவலகமான சாசா தரும் கேர் டிபெண்டன்சி கிரான்ட் என்ற பராமரிப்பு உதவித்தொகை கேட்கவும், வருமான வரிச் சலுகை கேட்கவும் மருத்துவர் நிரப்பும் படிவங்கள் தனியாக இருக்கின்றன. அவற்றுக்கும் இது அடிப்படை. டர்பனில் ஆக்‌ஷன் இன் ஆட்டிசம் என்ற அமைப்பு பெற்றோருக்கு வழிகாட்டுகிறது.

பயிற்சிக்குப் பெரிய இயந்திரமோ வெளிநாடோ தேவையில்லை. பெற்றோருக்கே கற்றுக்கொடுத்து, அவர்கள் வீட்டில் குளிக்க வைக்கும்போதும் சாப்பாடு கொடுக்கும்போதும் செய்ய வைக்கும் முறைகளுக்கு நல்ல சான்று இருக்கிறது. கோவாவிலும் ராவல்பிண்டியிலும், நிபுணர்கள் அல்லாத சாதாரண சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி தந்து அவர்கள் மூலமாகப் பெற்றோருக்குக் கற்றுக்கொடுத்துப் பார்த்து, 2016இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பெற்றோர் பிள்ளையின் குறிப்பறிந்து பழகுவதும், பிள்ளை தானே முன்வந்து தொடர்புகொள்வதும் கூடியிருந்தன. கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் பேட்ரஸ் டி ஃப்ரீஸ் தலைமையிலான குழுவும் இந்த நாட்டுக்கு ஏற்ற வகையில் பெற்றோர் வழிப் பயிற்சியில் வேலை செய்து வருகிறது.

குணமாக்கித் தருகிறோம் என்று பணம் கேட்பவர்களைக் கோயிலுக்குள் பேச விடாதீர்கள். உடம்பிலிருந்து உலோகத்தை எடுக்கிறோம் என்று மருந்து ஏற்றி உயிர் போன பிள்ளை உண்டு. ஸ்டெம் செல் சிகிச்சை என்று வீட்டை விற்க வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். நன்கொடை எவ்வளவு கொடுத்தாலும் சரி, அவர்களுக்கு மேடை வேண்டாம்.

குருக்கள் ஐயாமாரிடம் ஒரு வேண்டுகோள். நாக தோஷம், பூர்வஜென்ம வினை, கர்ப்பத்தில் கிரகணம் பார்த்தாள் என்ற வார்த்தைகள் உங்கள் வாயிலிருந்து வந்தால் அதைத் தாயால் வாழ்நாள் முழுவதும் மறக்க முடியாது. மாமியார் வீட்டில் அதை வைத்தே அவளைப் பேசுகிறார்கள். போன் கொடுத்துக் கெடுத்தாள், வேலைக்குப் போய்க் கெடுத்தாள் என்பதும் அப்படித்தான். யார் வளர்த்த முறையாலும் ஆட்டிசம் வருவதில்லை. இதை நான் நூறு தடவை சொல்வதும் ஆடி மாதக் கூழ் அன்று நீங்கள் மைக்கில் ஒரு தடவை சொல்வதும் ஒன்றாகாது.

அதேபோல், "உன் பிள்ளைக்கு ஆட்டிசம்" என்றும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். அதைச் சொல்வது உங்கள் வேலை இல்லை, என் ஒருத்தியின் வேலையும் இல்லை. "எதுக்கும் காது ஒரு தரம் பார்த்துடலாம்மா, கிளினிக்ல வளர்ச்சிச் சோதனை கேட்போம், வேணும்னா நானும் கூட வரேன்." இப்படிச் சொன்னால் போதும். கூட வருகிறேன் என்ற வார்த்தையை மட்டும் விட்டுவிடாதீர்கள். தனியாகப் போகப் பயந்துதான் பலர் போகாமல் இருக்கிறார்கள்.

கோயிலில் செய்யக்கூடியதும் இருக்கிறது. காவடி நாளில் மேளம் தொடங்கும் முன், அதிகாலையில் இப்படிப்பட்ட குடும்பங்கள் வந்து கும்பிட்டுப் போக அரை மணி நேரம் ஒதுக்குங்கள். காதை மூடும் ஹெட்போன் போட்ட பிள்ளையைக் கழற்றச் சொல்லாதீர்கள். வரிசையில் நிற்க முடியாத பிள்ளையை முன்னால் அனுப்புங்கள். சத்தம் போட்டால் திரும்பிப் பார்த்து முகம் சுளிக்கிறவர்களிடம் நிர்வாகத்தார் யாராவது போய்ப் பேசுங்கள், தாய் வெளியே ஓடும்படி விட்டுவிடாதீர்கள்.

ஒவ்வொரு கோயிலிலும் ஒருவரை, மாதர் குழுவிலிருந்து என்றால் இன்னும் நல்லது, இதற்கென்று நியமிக்கக் கேட்கிறேன். கிளினிக் கார்டில் எந்தப் பக்கம், எந்தக் கடிதம், எந்த மருத்துவமனை, என்ன கேட்க வேண்டும் என்று அவருக்கு நான் சொல்லித்தருகிறேன். வெஸ்ட்வில் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு காலத்தில் தமிழ் படித்தவர்கள் உங்களில் சிலர் இருப்பீர்கள். அதே வளாகத்தில்தான் இன்று ஸ்பீச் தெரபியும் செவித்திறன் பரிசோதனையும் கற்றுத்தருகிறார்கள். அங்கே படித்த நம் பெண்கள் பலர் இந்த ஊரிலேயே வேலை செய்கிறார்கள், கேட்டால் வருவார்கள். பேசியும் பார்த்திருக்கிறேன். மண்டபம், நாற்காலி, ஒரு சனிக்கிழமைக் காலை, இவைதான் தேவை. கட்டணம் எதுவும் இல்லை. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள எல்லாக் குடும்பங்களையும் கூப்பிடுங்கள், கவலை உள்ளவர்களை மட்டும் கூப்பிட்டால் யாரும் வர மாட்டார்கள்.

அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இந்தக் கடிதத்தை முழுவதும் வாசியுங்கள். தமிழ் வாசிக்கத் தெரியாத இளையவர்களுக்கு யாராவது ஆங்கிலத்தில் சொல்லுங்கள். ஆடி கூழுக்கு முன்பே முதல் சனிக்கிழமை வந்தால் நல்லது. எந்தத் தேதி, யாரிடம் சாவி என்று மட்டும் தெரிவியுங்கள், மற்ற ஏற்பாட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
சாட்ஸ்வொர்த்தில் வசிக்கும் ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட்